வகுப்பறையில் கற்றல் ஊக்கம்

வகுப்பறையில் கற்றல் ஊக்கம் என்பது, மாணவர் ஒருவர் பாடத்தைத் தாமே விரும்பித் தொடங்கவும், இடர் நேரும்போது கைவிடாமல் தொடரவும், முடித்தபின் அடுத்ததை நாடவும் துணைசெய்யும் மனநிலையைக் குறிக்கும். இம்மனநிலையை உருவாக்க ஆசிரியரும் பள்ளியும் மேற்கொள்ளும் முயற்சிகளும் இச்சொல்லால் சுட்டப்படுவதுண்டு. கல்வியியல், உளவியல் ஆகிய இரு துறைகளிலும் இது ஆராயப்படுகிறது.

தமிழகத்தில் இது தொடர்பாக நடந்த முயற்சிகள் சில உலக அளவில் குறிப்பிடத்தக்கவை. பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரை மரியா மாண்டிசோரி மேற்கொண்ட பணி, சின்னாளப்பட்டிக்கு அருகில் 1947இல் தோன்றிய காந்திகிராமத்தின் ஆதாரக் கல்வி, 2003இல் சென்னையில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இம்மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கில் தோன்றியவை. எனினும், குழந்தையின் கைக்குத் தகுந்த வேலையும், தான் எங்கே நிற்கிறோம் என்ற தெளிவும் கிடைத்தால் ஊக்கம் தானே பிறக்கும் என்பது இவற்றின் பொதுவான அடிப்படை ஆகும்.

ஊக்கமும் ஈடுபாடும்

ஊக்கம், ஈடுபாடு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்பட்டாலும் இவற்றிடையே வேறுபாடு உண்டு. ஊக்கம் என்பது செயலைத் தூண்டும் அகக் காரணம். ஈடுபாடு என்பது அச்செயலில் மாணவர் உண்மையில் காட்டும் பங்கேற்பு. ஈடுபாட்டை மூன்று வகையாகப் பிரிப்பர்.

1. நடத்தைசார் ஈடுபாடு: வகுப்புக்கு வருதல், கவனித்தல், பணியை முடித்தல் முதலியன.
2. உணர்வுசார் ஈடுபாடு: பள்ளியிலும் பாடத்திலும் விருப்பம், ஆசிரியரிடத்தும் சக மாணவரிடத்தும் பற்று.
3. அறிவுசார் ஈடுபாடு: பொருளைப் புரிந்துகொள்ளச் சிந்தனையைச் செலுத்துதல், வினா எழுப்புதல், தவறைத் தாமே திருத்த முயலுதல்.

இவற்றுள் முதல் வகை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அமைதியாகக் கைகட்டி அமர்ந்திருக்கும் மாணவர் பாடத்தில் ஈடுபட்டிருக்கிறார் என்று கொள்ள முடியாது. கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்தெழுதும் குழந்தைக்கு, எழுதியதைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஒழுங்கான வகுப்பறை என்பதும் கற்கும் வகுப்பறை என்பதும் ஒன்றல்ல என்பதே இப்பகுப்பின் பயன் ஆகும்.

அகத் தூண்டலும் புறத் தூண்டலும்

செயலின் இன்பத்துக்காகவே அதைச் செய்வது அகத் தூண்டல் எனப்படும். பரிசு, மதிப்பெண், பாராட்டு, தண்டனை போன்றவற்றுக்காகச் செய்வது புறத் தூண்டல் எனப்படும். பள்ளிகளில் பெரும்பாலும் புறத் தூண்டலே கையாளப்படுகிறது. அது விரைவில் பலன் தருவது இதற்குக் காரணம்.

ஆனால் அதன் விளைவு எப்போதும் நன்மையாக இருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்களான மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. படம் வரைவதில் இயல்பான விருப்பமுடைய மழலைப்பள்ளிக் குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வரைந்தால் சான்றிதழ் தருவதாக ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றொரு குழுவுக்குச் சொல்லாமல் இறுதியில் தரப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தனர். விருப்பத்துக்காகச் செய்த செயல் கூலிக்குச் செய்யும் செயலாக மாறியதே இதற்குக் காரணம் என்று விளக்கப்பட்டது.

எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் ஆகியோர் வளர்த்தெடுத்த தன்முடிவுக் கோட்பாடு, அகத் தூண்டலுக்கு மூன்று தேவைகளைக் குறிப்பிடுகிறது.

1. தன்னுரிமை: என்ன செய்வது, எவ்வாறு செய்வது என்பதில் சிறிதளவேனும் தெரிவு இருத்தல்.
2. திறமையுணர்வு: தன்னால் முடிகிறது என்பதை உணர்தல்.
3. உறவுணர்வு: தன்னை மதிப்போரிடையே இருத்தல்.

உருசிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி கூறிய அண்மை வளர்ச்சி மண்டலம் என்னும் கருத்தும் இதனோடு தொடர்புடையது. குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், பிறர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியே அது. பாடம் இப்பகுதிக்குக் கீழே அமைந்தால் சலிப்பும், மேலே அமைந்தால் அச்சமும் தோன்றும்.

ஊக்கம் குன்றுவதற்கான காரணங்கள்

ஊக்கக் குறைவு பெரும்பாலும் மாணவரின் சோம்பலாகவோ குடும்பச் சூழலின் விளைவாகவோ கருதப்படுகிறது. வகுப்பறையின் அமைப்பே அதற்குக் காரணமாவதும் உண்டு. தொடக்கப் பள்ளிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

கன்னிவாடி, திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி ஆகும். இத்தகைய மலையடிவாரச் சிற்றூர்களிலும், மலைமேல் உள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் மக்கள்தொகை சிதறியிருப்பதால், பள்ளிகளும் சிறியனவாக அமைவது இயல்பு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். வகுப்புகளோ ஐந்து. எனவே சட்டம் முழுமையாகப் பின்பற்றப்படும் சிறிய பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் நடத்த நேரிடுகிறது. இதனைப் பல்வகுப்புக் கற்பித்தல் என்பர்.

இந்நிலையில் ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது முதல் வகுப்புக் குழந்தை காத்திருக்கிறது. ஒரே வகுப்பினுள்ளும் அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. காய்ச்சலால் பத்து நாள் வராத குழந்தை, அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வெளியூர் சென்று திரும்பிய குழந்தை, தாய்மொழி வேறாக இருக்கும் குழந்தை ஆகியோர் விட்ட இடம் ஒன்றாகவும் பாடம் நடக்கும் இடம் வேறாகவும் இருக்கும். விரிவுரை முறையில் அவர்கள் விட்ட இடத்துக்குத் திரும்ப வழியில்லை. நாளடைவில் புரியாமை பழகிவிடுகிறது. வினவுவதற்கு வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் அமைதியாகும் குழந்தை, சில ஆண்டுகளில் பள்ளியை விட்டே நின்றுவிடுவதும் உண்டு. ஊக்கம் என்பது வகுப்பைக் கலகலப்பாக வைத்திருக்கும் உத்தி மட்டுமன்று. ஒரு குழந்தை பள்ளியில் நிலைத்திருப்பதும் விலகுவதும் அதனைப் பொறுத்ததாகலாம்.

கொடைக்கானலில் மாண்டிசோரி

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி, 1907இல் உரோம் நகரின் ஏழை மக்கள் குடியிருப்பில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தினார். 1940இல் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதால், பிரித்தானிய இந்திய அரசு அவர்களை எதிரி நாட்டவராகக் கருதியது. மாரியோ சில மாதங்கள் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை அவர்களால் ஐரோப்பா திரும்ப இயலவில்லை.

இக்காலத்தில், 1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அங்குப் பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்ற சிறு பள்ளி ஒன்று உருவானது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தின அதில் துணைநின்றார். அதுவரை மாண்டிசோரி முறை பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதாகவே அறியப்பட்டிருந்தது. கொடைக்கானலில் ஆறு வயதைக் கடந்த குழந்தைகளின் ஆர்வங்களை உற்றுநோக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பாசிகள், பெரணிகள், பூக்கள், பூச்சிகள் எனச் சோலைக்காடுகள் சூழ்ந்த மலைப்பகுதியே பாடப்பொருளாக அமைந்தது. ஒரு செடியைப் பற்றி எழும் வினா மண்ணுக்கும் நீருக்கும் சூரியனுக்கும் இட்டுச்செல்வதைக் கண்டு, அனைத்தையும் தொடர்புபடுத்திக் கற்பிக்கும் அண்டக் கல்வி என்னும் கருத்தை அவர்கள் இங்கு விரிவாக வளர்த்தனர். பின்னர் உலகெங்கும் உள்ள மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்கு இது அடித்தளமாயிற்று.

கற்றல் ஊக்கம் பற்றி மாண்டிசோரி முறை கூறுவன வருமாறு:

* பரிசும் தண்டனையும் தேவையற்றவை. தகுந்த வேலை கிடைத்த குழந்தை தானாகவே ஆழ்ந்த கவனத்துடன் அதில் ஈடுபடும்.
* கற்றல் கருவிகள் தவறைத் தாமே காட்டும்படி அமைய வேண்டும். சரியான குழியில் மட்டும் பொருந்தும் உருளைகள் இதற்கு எடுத்துக்காட்டு. பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்டும் அவமானம் குழந்தைக்கு நேர்வதில்லை.
* வெவ்வேறு வயதினர் ஒன்றாக இருப்பது குறையன்று. இளையோர் மூத்தோரைப் பார்த்துக் கற்கின்றனர். மூத்தோர் கற்பிப்பதால் தெளிவடைகின்றனர்.
* ஆசிரியரின் முதல் பணி உற்றுநோக்குதல் ஆகும்.

இவற்றுள் மூன்றாவது கருத்து, பல்வகுப்புப் பள்ளிகளுக்கு மிகவும் பொருந்துவது. ஆசிரியர் பற்றாக்குறையால் ஏற்படும் கட்டாயமாகக் கருதப்படும் கலப்பு வகுப்பை, இம்முறை விரும்பியே ஏற்படுத்துகிறது. எனினும் இந்தியாவில் மாண்டிசோரி முறை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் நகர்ப்புறப் பள்ளிகளிலேயே நிலைபெற்றது. கருவிகளின் விலை அதற்கு ஒரு காரணம் ஆகும்.

காந்திகிராமமும் ஆதாரக் கல்வியும்

1937 அக்டோபரில் வார்தாவில் நடைபெற்ற மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். சாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தாய்மொழியில் ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடம் ஆகியவை இதன் கூறுகள். நூற்பு, நெசவு, வேளாண்மை முதலிய தொழில்களின் வழியே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது நோக்கம். நூலின் நீளத்தை அளக்கும் குழந்தைக்குப் பெருக்கல் ஏன் தேவை என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

மருத்துவர் டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். கன்னிவாடியும் காந்திகிராமமும் ஒரே மாவட்டத்தில் உள்ளவை. சுற்றியுள்ள சிற்றூர்களின் உடல்நலம், தொழில், கல்வி ஆகியவற்றை ஒன்றாகக் கருதிய காந்திகிராமம், ஆதாரக் கல்விக்கும் அதற்கான ஆசிரியர் பயிற்சிக்கும் இடமளித்தது. 1956இல் தொடங்கப்பட்ட அதன் ஊரக உயர்கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

ஆதாரக் கல்வி நாடெங்கும் நீடிக்கவில்லை. தொழிலையும் பாடத்தையும் இணைக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. பல பள்ளிகளில் நூற்பு ஒரு பாடவேளையாகச் சுருங்கியது. கணக்கு மற்றொரு பாடவேளையில் பழைய முறையிலேயே நடந்தது. ஏழைக் குழந்தைகளைத் தொழிலிலேயே நிறுத்திவைக்கும் இரண்டாந்தரக் கல்வி என்ற ஐயமும் பெற்றோரிடையே இருந்தது. வடிவம் எஞ்சி நோக்கம் மறைந்தபோது திட்டமும் மறைந்தது எனலாம்.

செயல்வழிக் கற்றல்

தோற்றம்

பிரித்தானியரான டேவிட் ஆர்சுபரோ, கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்னும் சிறிய பள்ளியை நடத்தினார். வயது கலந்த குழுக்களும், அவரவர் வேகத்தில் கற்றலும் அதன் இயல்புகள். ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலி கல்வி நிறுவனத்தின் ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா ஆகியோர் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் அடங்கிய கற்றல் பெட்டியை உருவாக்கினர். இதன் தாக்கத்தால் 1995இல் கருநாடகத்தின் எக்கடதேவன்கோட்டைப் பகுதியில் நலி கலி என்னும் திட்டம் தொடங்கியது. ‘நலி கலி’ என்பதற்குக் கன்னடத்தில் ‘ஆடிக் கற்போம்’ என்ற கருத்தில் பொருள் கொள்வர்.

தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் சோதனை முறையாக இது தொடங்கப்பட்டது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலியில் பயிற்சி பெற்று, தமிழகப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாமே எழுதினர். பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக, 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 4 வரையான வகுப்புகளுக்கு இம்முறை விரிவாக்கப்பட்டது.

அமைப்பு

பாடத்திட்டம் சிறுசிறு திறன்களாகப் பகுக்கப்பட்டுப் படிநிலைகளாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு படிநிலையிலும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் முதலியவற்றுக்குத் தனித்தனி அட்டைகள் உண்டு. ஒவ்வோர் அட்டையும் ஒரு சின்னத்தால் அடையாளம் காட்டப்படும். இச்சின்னங்கள் வரிசையாக வரையப்பட்ட பெரிய படமே கற்றல் ஏணி ஆகும். எழுத்தறியாத குழந்தையும் சின்னத்தைப் பார்த்துத் தன் அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள முடியும்.

குழந்தைகள் வகுப்பு வாரியாக அமராமல் ஆறு குழுக்களாகப் பாயில் அமர்வர்.

1. ஆசிரியரின் முழு உதவியுடன் கற்கும் குழு
2. ஆசிரியரின் பகுதி உதவியுடன் கற்கும் குழு
3. சக மாணவரின் முழு உதவியுடன் கற்கும் குழு
4. சக மாணவரின் பகுதி உதவியுடன் கற்கும் குழு
5. தானே கற்கும் குழு
6. மதிப்பீட்டுக் குழு

எந்தக் குழுவில் அமர்வது என்பதை எடுத்த அட்டையின் சின்னம் முடிவுசெய்கிறது. ஆகவே ஒரே குழந்தை ஒரு நாளிலேயே பல குழுக்களுக்கு மாறக்கூடும். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும். வருகைப் பதிவு, வானிலை அட்டவணை ஆகியவற்றைக் குழந்தைகளே நிரப்புவர். அவர்களின் படைப்புகள் தலைக்கு மேல் கட்டிய கம்பிகளில் தொங்கவிடப்படும்.

செயற்படும் விதம்

இடமதிப்பு கற்கும் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஏணியில் தன் சின்னத்தைக் கண்டறிந்து, தட்டிலிருந்து அறிமுக அட்டையை எடுத்து ஆசிரியர் அருகில் அமர்கிறது. ஆசிரியர் பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டிப் பத்து என்பதன் பொருளைக் காட்டுகிறார். அடுத்த அட்டைக்குக் குழந்தை வேறு குழுவுக்குச் சென்று, அப்படியைக் கடந்த மற்றொரு குழந்தையின் துணையுடன் பயில்கிறது. பின்னர்த் தனியே செய்கிறது. இறுதியில் மதிப்பீட்டு அட்டை. அதில் தவறினால் குறைதீர் அட்டை தரப்படும். தேர்ந்தால் ஏணியில் அடுத்த படி. பத்து நாள் வராத குழந்தையும் நின்ற படியிலிருந்தே தொடர்கிறது.

முன்னர்க் கூறிய மூன்று தேவைகளும் இதில் அமைந்திருப்பதைக் காணலாம். அட்டையைத் தானே எடுப்பது தன்னுரிமை. சிறிய படி ஒவ்வொன்றையும் கடப்பது திறமையுணர்வு. சக மாணவரோடு அமர்ந்து கற்பதும் கற்பிப்பதும் உறவுணர்வு. ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு அமர்வதும் அச்சத்தைக் குறைப்பதாகக் கருதப்பட்டது.

படைப்பாற்றல் கல்வி

உயர்தொடக்க வகுப்புகளுக்கென அதே காலத்தில் படைப்பாற்றல் கல்வி என்னும் முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. இதில் மாணவர் பாடத்தைத் தாமே படித்து, புதிய சொற்களை அடிக்கோடிட்டு, பாடக் கருத்துகளை மனவரைபடமாக வரைவர். பின்னர்க் குழுவில் தம் மனவரைபடங்களை ஒப்பிட்டுக் கலந்துரையாடித் தொகுத்து வழங்குவர். ஒரே பாடத்துக்கு ஒவ்வொருவரின் வரைபடமும் வேறுபடுவதால், பார்த்தெழுதுவதற்கு இடம் குறைகிறது.

விமர்சனங்கள்

செயல்வழிக் கற்றல் பரவலான பாராட்டையும் எதிர்ப்பையும் ஒருங்கே பெற்றது. முன்வைக்கப்பட்ட குறைகள்:

* அட்டைகளின் எண்ணிக்கை மிகுதி. அவை கிழிந்தோ தொலைந்தோ போனால் ஏணியில் இடைவெளி ஏற்படுகிறது.
* பாடநூலும் வீட்டுப்பாடமும் குறைந்ததால், குழந்தை என்ன கற்கிறது என்பதைப் பெற்றோரால் அறிய முடிவதில்லை.
* எழுத்துப் பயிற்சி போதவில்லை. ஐந்தாம் வகுப்பில் பாடநூல் முறைக்கு மாறும்போது தடுமாற்றம் ஏற்படுகிறது.
* ஆறு குழுக்களையும் ஒரே நேரத்தில் கவனிப்பது ஆசிரியருக்குப் பெரும் சுமை.
* தாமே விரும்பி உருவாக்கிய ஆசிரியர்களிடம் வெற்றிபெற்ற முறை, ஆணையின் வழியாக வந்தபோது சடங்காக மாறியது.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது முக்கியமானது. ஆய்வுக்கு வரும் அலுவலர் அடைவு அட்டவணையைப் பார்ப்பார் என்பதால், படிகளை விரைந்து கடக்கச் செய்வதே நோக்கமாகிவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது அட்டையை முடிப்பது மதிப்பெண் வாங்குவதைப் போன்ற மற்றொரு புறத் தூண்டல் ஆகிறது. ஆதாரக் கல்வியில் நூற்புக்கு நேர்ந்தது இங்கு அட்டைக்கு நேர்ந்தது எனலாம்.

பின்னைய மாற்றங்கள்

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமானபோது, செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. அட்டைகள் குறைக்கப்பட்டுப் பாடநூலின் பங்கு கூடியது. 2018-19 முதல் புதிய பாடநூல்கள் படிப்படியாக வந்தன.

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, தொடக்க வகுப்புகள் நீண்டகாலம் நடைபெறவில்லை. இதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய, தன்னார்வலர் வழியாக மாலைநேரத்தில் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2022 சூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. இதில் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டு, ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் முதலியவற்றின் துணையுடன் கற்பிக்கப்பட்டனர். 2023-24இல் இது 4, 5 ஆம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பெயரும் கருவிகளும் மாறினாலும், குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குதல் என்னும் கொள்கை தொடர்ந்துள்ளது.

பசியும் அச்சமும்

ஊக்கம் பற்றிய எந்த முறையும் பசித்த குழந்தையிடம் பலிக்காது. 1956இல் காமராசர் ஆட்சிக்காலத்தில் விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டமும் பள்ளி வருகைக்குத் துணைசெய்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2023 ஆகத்து முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அதிகாலையிலேயே பெற்றோர் தோட்ட வேலைக்குச் செல்லும் மலைப்பகுதிகளில் இதன் பயன் வெளிப்படை.

அச்சம் மற்றொரு தடை ஆகும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்சார் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அடிக்கு அஞ்சிப் படிக்கும் குழந்தை, அடிக்க ஆளில்லாத போது படிப்பதில்லை. தவறு செய்ய அஞ்சும் குழந்தை புதிதாக எதையும் முயல்வதும் இல்லை.

வகுப்பறையில் கையாளத்தக்க வழிமுறைகள்

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து, தனித்திட்டமோ செலவோ இன்றி எந்த ஆசிரியரும் கையாளத்தக்க சில வழிமுறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. நிலையறிதல்: ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே ஒரு பத்தி படிக்கவும் ஒரு கணக்குப் போடவும் செய்து, அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுதல்.
2. படிகளைச் சிறிதாக்குதல்: ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு வேலையைப் பகுத்தல்.
3. முன்னேற்றத்தைக் காட்டுதல்: பிறரோடு ஒப்பிடும் தரவரிசையைவிட, போன மாதம் தான் எழுதியதை இன்று எழுதியதோடு ஒப்பிடச் செய்தல் குழந்தைக்கு ஊக்கம் தரும்.
4. தெரிவு அளித்தல்: ஐந்து கணக்குகளில் எவையேனும் மூன்றைச் செய்யச் சொல்லுதலும் ஒரு தெரிவே.
5. காத்திருத்தல்: வினாவைக் கேட்டபின் சில நொடிகள் பொறுத்தல். விரைந்து கையுயர்த்தும் இருவரை மட்டுமே விடைகூற விட்டால் மற்றவர்கள் சிந்திப்பதை நிறுத்திவிடுவர்.
6. குறிப்பான பாராட்டு: நீ கெட்டிக்காரி என்பதைவிட, இரண்டாவது வழியிலும் போட்டுச் சரிபார்த்தாய் என்று செய்ததைச் சுட்டிக் கூறுதல்.
7. கற்பிக்கச் செய்தல்: கற்றதை மற்றொருவருக்குச் சொல்லும் பொறுப்பை, நன்கு படிப்போருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் முறைவைத்து அளித்தல்.
8. உள்ளூர்ப் பொருள்: குழந்தைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குதல்.

இறுதியாகக் கூறிய வழிமுறைக்குப் பழனி மலைப் பகுதியிலேயே எடுத்துக்காட்டுகள் பல உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைக் கொண்டு எடையும் விலையும் கற்பிக்கலாம். ஒரு பூண்டில் எத்தனை பற்கள் என எண்ணிப் பட்டியலிட்டால் அதுவே சராசரிப் பாடம். விருப்பாச்சி மலைவாழைத் தாரின் சீப்புகளையும் பழங்களையும் எண்ணுவது பெருக்கலுக்கு உதவும். இம்மலையில் வாழும் பளியர் பழங்குடிக் குழந்தைகள், காட்டுச் செடிகளையும் தேனையும் பற்றித் தம் வீட்டில் அறிந்தவற்றை வகுப்பில் கூற இடமளித்தால், பாடநூலில் பின்தங்கியதாகக் கருதப்பட்ட குழந்தை அந்த வேளையில் மற்றவர்க்கு ஆசிரியர் ஆகிறது.

எனினும் இவ்வழிமுறைகள் ஒவ்வொன்றும் தம்மளவில் போதுமானவை அல்ல. உருளைகளும் இராட்டையும் அட்டையும் கருவிகளே. அக்கருவிகளுடன் குழந்தை என்ன செய்கிறது என்பதை உற்றுநோக்கி, அடுத்த படியைக் காட்டும் ஆசிரியர் இருந்த இடங்களிலேயே அவை பயன்பட்டன. ஆசிரியருக்கும் தன்னுரிமை, திறமையுணர்வு, உறவுணர்வு ஆகியவை தேவை என்பதை, மாணவர் ஊக்கத்துக்கான திட்டங்கள் பலவேளைகளில் கருத்திற்கொள்வதில்லை.

இவற்றையும் பார்க்க

* செயல்வழிக் கற்றல்
* மாண்டிசோரி கல்வி முறை
* ஆதாரக் கல்வி
* பல்வகுப்புக் கற்பித்தல்
* காந்திகிராமம்
* பழனி மலைகள்